டேப்லெட்டில் பாட்டு ரெக்கார்டிங்: எந்த ஆப் உங்களுக்கு செட் ஆகும்?

"டேப்லெட் இருக்கு, ஓரளவு பாட வரும், மூலையில் ஒரு கிட்டாரும் இருக்கு. எந்த ஆப் போடலாம்?" வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு கேள்வி விழுந்தால் பதில்கள் சரசரவென்று வரும். ஒருவர் கராஜ்பேண்ட் என்பார். இன்னொருவர் எஃப்எல் ஸ்டூடியோ என்பார். மூன்றாமவர் "பேண்ட்லேப் ஃப்ரீ ப்ரோ" என்று பேச்சையே முடித்துவிடுவார். மூன்று பதில்களும் சரியாக இருக்கலாம், தப்பாகவும் போகலாம். கேட்டவரிடம் இருப்பது ஐபேடா ஆண்ட்ராய்டா, காதில் மாட்டப்போவது என்ன ஹெட்போன், பதிவு செய்யப்போவது பாட்டா பீட்டா என்று யாருமே திருப்பிக் கேட்பதில்லை.

டேப்லெட்டில் இசை செய்ய முடியுமா என்பது பழைய கேள்வி. 2010 ஏப்ரலில் முதல் ஐபேட் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு இறுதியில் கொரில்லாஸ் குழுவின் 'தி ஃபால்' ஆல்பம் வெளியானது. டேமன் ஆல்பர்ன் அதன் பெரும்பகுதியை வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது ஐபேடிலேயே பதிவு செய்திருந்தார். அப்போது ஐபேடுக்கு கராஜ்பேண்ட் வந்திருக்கவே இல்லை. அது வந்தது 2011 மார்ச்சில். அதன்பின் ஸ்டீவ் லேசி ஐபோனில் கிட்டாரைச் செருகி, கராஜ்பேண்டில் பாட்டு செய்து காட்டினார். கென்ட்ரிக் லமாரின் 2017 ஆல்பமான 'டேம்'மில் உள்ள 'ப்ரைடு' பாட்டின் தயாரிப்பில் அவருக்குப் பங்கு உண்டு.

ஆக, கருவி போதும். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது வேறு இடத்தில். ஒரு ஆப்பை இறக்குகிறார்கள், இரண்டு மாதம் அதில் பத்துப் பாட்டு போடுகிறார்கள். பிறகுதான் குரல் தாளத்தோடு ஒட்டவில்லை என்பது தெரியவருகிறது. அல்லது மிக்ஸிங் இன்ஜினியர் "ட்ராக் எல்லாம் தனித்தனியா அனுப்புங்க" என்கிறார், அந்த ஆப்பிலிருந்து அப்படி எடுக்க வழியில்லை. இரண்டு மாத உழைப்பு ஆப்புக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஆகவே வசதிகளின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் தாமதம்

டேப்லெட்டில் பாடும்போது உங்கள் குரல் மைக்கில் நுழைந்து, எண்களாக மாறி, செயலிக்குள் போய், மறுபடி ஒலியாகி ஹெட்போனுக்கு வர வேண்டும். இந்தச் சுற்றுக்கு ஆகும் நேரத்தைத்தான் லேட்டன்சி என்கிறார்கள். டேப்லெட் ஒலியைச் சொட்டுச் சொட்டாகக் கையாள்வதில்லை, சின்னச் சின்ன வாளிகளில் நிரப்பிக் கையாள்கிறது. அந்த வாளிக்குப் பெயர் பஃபர். விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில் 256 மாதிரி அளவுள்ள பஃபர் என்றால், ஒரு வாளி நிரம்ப 5.3 மில்லி விநாடி ஆகும். உள்ளே வரும்போது ஒரு வாளி, வெளியே போகும்போது ஒரு வாளி, இடையில் மாற்றும் வேலை. எல்லாம் சேர்த்து பத்து, பதினைந்து மில்லி விநாடி வந்துவிடும்.

அது அதிகமா? காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லி விநாடி எடுக்கிறது. பத்து மில்லி விநாடி தாமதம் என்பது, மூன்றரை மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரில் உங்கள் குரலைக் கேட்பது போல. மேடையில் பாடுபவர்களுக்கு அது சகஜம். முப்பது, நாற்பதைத் தாண்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பாடுபவர் தன் குரலுக்காகத் தானே காத்திருக்கத் தொடங்குவார், தாளம் மெல்ல மெல்ல இழுபடும். கைத்தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் உறுத்தும்.

ஐபேடுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான். ஆப்பிள் தன் ஒலி அமைப்பை எல்லா ஐபேடிலும் ஒரே மாதிரி வைத்திருக்கிறது. ஆகவே பழைய ஐபேடாக இருந்தாலும் தாமதம் பெரும்பாலும் தாங்கக்கூடிய அளவிலேயே இருக்கும். ஆண்ட்ராய்டில் டேப்லெட்டுக்கு டேப்லெட் மாறும். 2017-இல் ஆண்ட்ராய்டு 8 பதிப்போடு கூகுள் ஏஆடியோ என்ற புதிய ஒலி வழியைக் கொண்டுவந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேறியிருக்கிறது. போகவர மொத்தத் தாமதம் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால்தான் ஒரு கருவி 'ப்ரோ ஆடியோ' தகுதியைக் கோரலாம் என்றும் கூகுள் வரையறுத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கருவியும் அந்தத் தகுதியைப் பெற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் வாங்கிய பட்ஜெட் டேப்லெட்டில் அதை எதிர்பார்க்க முடியாது.

அதனால் ஆண்ட்ராய்டு வேண்டாம் என்று அர்த்தமில்லை. தாமதம் இருந்தாலும் பதிவு செய்ய ஒரு பழைய வழி உண்டு: செயலியில் மானிட்டரிங்கை அணைத்துவிடுங்கள். அப்போது ஹெட்போனில் பின்னணி இசை மட்டும் வரும். ஒரு காதை மூடி, இன்னொரு காதைத் திறந்து வைத்து, உங்கள் குரலை நேராகவே கேட்டுப் பாடலாம். ஸ்டூடியோக்களில் ஒரு காது ஹெட்போனைத் தள்ளிவிட்டுப் பாடும் பாடகர்களைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதேதான். பதிவான குரல் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால், அந்தத் துண்டைப் பிடித்து முன்னால் நகர்த்திக்கொள்ளலாம்.

ப்ளூடூத்தைக் கழற்றி வையுங்கள்

ஒரே ஒரு அறிவுரைதான் சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்லலாம்: பதிவு செய்யும்போது ப்ளூடூத் இயர்பட்ஸ் வேண்டாம். சாதாரண இயர்பட்ஸில் 150 முதல் 200 மில்லி விநாடி வரை தாமதம் வருவது சகஜம். நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் ஒரு தட்டின் கால் பங்கு 187.5 மில்லி விநாடி. அதாவது ஒரு தட்டுக்குள் "தகதிமி" என்று நாலாக எண்ணினால், அதில் ஓர் எழுத்து முழுசாகத் தள்ளிப்போகிறது. படம் பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் வீடியோ செயலி படத்தையும் அதற்கேற்பத் தாமதப்படுத்திவிடும். உங்கள் தொண்டையை அப்படித் தாமதப்படுத்த எந்தச் செயலியாலும் முடியாது.

இன்னொரு கெடுதலும் உண்டு. பல இயர்பட்ஸில் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால், ப்ளூடூத் இணைப்பு போன் பேசும் முறைக்கு மாறிவிடும். ஒலித்தரம் சட்டென்று இறங்கி, பாட்டு கஸ்டமர் கேர் அழைப்பு மாதிரி கேட்கும். "ஆப் சரியில்லை" என்று ஒற்றை நட்சத்திரம் போடுபவர்களில் சிலருக்காவது நடந்தது இதுவாக இருக்கலாம்.

வயர் ஹெட்போன் போதும், விலை பெரிதாக வேண்டாம். காதை முழுசாக மூடும் ரகம் நல்லது; திறந்த ரகத்தில் பின்னணி இசை கசிந்து மைக்குக்குள் போகும். டேப்லெட்டில் ஹெட்போன் துளை இல்லையென்றால் யுஎஸ்பி-சி அடாப்டர் தேவைப்படும்.

அடுத்து மைக். டேப்லெட்டின் சொந்த மைக்கில் மெட்டைக் குறித்து வைக்கலாம், டெமோவும் போடலாம். ஆனால் சில டேப்லெட்கள் மைக்கில் தாமாகவே இரைச்சலைக் குறைக்கும். ஒரே சீராக ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஃபேன் சத்தத்தோடு சேர்த்துத் தம்புராவையும், நீட்டிப் பிடித்த கார்வையின் வாலையும் அமுக்கிவிடும்.

அடுத்த படி, ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கையும் கிட்டாரையும் செருகி, யுஎஸ்பி வழியாக டேப்லெட்டுக்கு அனுப்பும் சின்னப் பெட்டி. வாங்கும்போது 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தனி டிரைவர் இல்லாமலேயே டேப்லெட்டுடன் பேசும் என்பதற்கான அடையாளம் அது. கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் தேவை. 'டைரக்ட் மானிட்டர்' பட்டன் இருந்தால் இன்னும் நல்லது. அது உங்கள் குரலை டேப்லெட்டுக்குள் சுற்றவிடாமல் பெட்டியிலிருந்தே நேராகக் காதுக்கு அனுப்பிவிடும். தாமதம் அதிகமுள்ள ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கு இதுதான் மருந்து. ஒரே ஒரு சிக்கல்: டேப்லெட்டில் இருப்பது ஒரு போர்ட். அதில் இன்டர்ஃபேஸைச் செருகினால் சார்ஜ் போட இடமில்லை. தனியாக மின்சாரம் எடுக்கும் யுஎஸ்பி ஹப் ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கராஜ்பேண்டும் அந்த எட்டு பாரும்

ஐபேட் வைத்திருப்பவர் முதல் நாளே பணம் கொடுக்கத் தேவையில்லை. ஆப்பிளின் கராஜ்பேண்ட் 2017 முதல் எல்லோருக்கும் இலவசம். ஐபேடில் 32 ட்ராக் வரை போகலாம், 24-பிட் பதிவும் உண்டு. குரல், கிட்டார், கீபோர்டு, ஒரு டிரம்ஸ் என்று போகும் பாட்டுக்கு இது தாராளம். ஆண்ட்ராய்டில் கராஜ்பேண்ட் கிடையாது. ப்ளே ஸ்டோரில் அந்தப் பெயரை ஒட்டி எது தென்பட்டாலும் அது ஆப்பிளின் செயலி இல்லை.

ஆனால் புதிதாக வருபவர்களை கராஜ்பேண்ட் ஒரு இடத்தில் தவறாமல் கவிழ்க்கும். புதுப் பாட்டைத் திறந்தால் அதில் இருப்பது எட்டு பார் மட்டும். வேகம் 110 என்று தானாக அமைந்திருக்கும். நாலு தட்டு வீதம் எட்டு பார், அதாவது 32 தட்டு, அந்த வேகத்தில் 17 விநாடிதான். பல்லவி முடியும் முன்பே ஆரம்பத்துக்குத் திரும்பிவிடும். "ஃப்ரீ வெர்ஷன்ல இவ்வளவுதான் போல" என்று பலர் மூடிவிடுகிறார்கள். திரையின் வலது மேல் மூலையில் பார்களின் வரிசைக்கு அருகே உள்ள பிளஸ் குறியைத் தொட்டு, 'செக்‌ஷன் ஏ'வில் 'ஆட்டோமேட்டிக்' என்பதை ஆன் செய்தால் பாட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு ஓடும்.

அடுத்தது சுருதி. செயலி 'கீ' என்று கேட்பது, நம்மூர் மெல்லிசைக் குழுக்கள் கட்டைக் கணக்கில் சொல்வதைத்தான். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று இ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. நாலரைக் கட்டை என்றால் எஃப் ஷார்ப். முதலிலேயே சரியாக வைத்துவிட்டால் செயலியில் உள்ள ரெடிமேட் லூப்கள் அந்தச் சுருதிக்கு மாறிக்கொள்ளும். பாதிப் பாட்டு முடிந்த பிறகு மாற்றினால், வாத்தியங்கள் நகரும், நீங்கள் பாடிய குரல் நகரக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு ட்ராக்காகப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

தாளத்தில் கராஜ்பேண்டுக்கு எல்லை உண்டு. ஐபேட் பதிப்பில் 4/4, 3/4, 6/8 ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தேர்வு செய்யலாம், அதுவும் பாட்டு முழுக்க ஒன்றே. ஆதி தாளத்துக்கும் ரூபகத்துக்கும் தொந்தரவில்லை. மிஸ்ர சாபுவில் ஏழு எண்ணிக்கை பாட வேண்டுமானால் மெட்ரோனோம் தப்புத் தப்பான இடத்தில் அழுத்தம் கொடுக்கும். மெட்ரோனோமை அணைத்துவிட்டு, வேறு ஒரு தாளச் செயலியில் பதிவு செய்த தாளத்தை ஒரு ட்ராக்காகக் கொண்டுவந்து வைத்துப் பாடலாம். பார் கோடுகள் ஒட்டாது, பதிவு நன்றாகவே வரும். ஆலாபனை, விருத்தம் பதிவு செய்பவர்களுக்கு மெட்ரோனோமே வேண்டாம்.

கமகத்துக்கு ஒரு எச்சரிக்கை. ஆட்டோ டியூன் வகைத் திருத்தங்கள், கராஜ்பேண்டில் உள்ளதும் பேண்ட்லேப்பில் உள்ளதும், குரலைப் பக்கத்திலுள்ள ஸ்வர ஸ்தானத்துக்கு இழுப்பவை. அவற்றுக்கு வழுக்கல், அசைவு எல்லாமே பிழை. நன்றாகப் பாடிய கமகம் படிக்கட்டு மாதிரி நறுக்கப்பட்டு வெளியே வரும். ராப் பாட்டுக்கு அந்த எஃபெக்ட்தான் வேணும் என்றால் சரி. மற்றபடி குறைவாக வையுங்கள், அல்லது அணைத்துவிட்டு இன்னொரு டேக் பாடுங்கள்.

மற்றவை யாருக்கு?

ஆப்பிளின் லாஜிக் ப்ரோ 2023 மே மாதம் ஐபேடுக்கு வந்தது. அறிமுகமானபோது மாதம் 4.99 டாலர், ஆண்டுக்கு 49 டாலர் சந்தா. கராஜ்பேண்டில் தொடங்கிய பாட்டை இதில் திறக்கலாம், ஐபேடில் செய்ததை மேக் கணினிக்குக் கொண்டுபோகலாம், திருப்பியும் கொண்டுவரலாம். மிக்ஸர், ஆட்டோமேஷன், ஏழு எண்ணிக்கைத் தாளம் எல்லாம் உண்டு. பணம் வாங்கிப் பாட்டு செய்து கொடுப்பவருக்கு, அதுவும் மேக்கில் வேலையை முடிப்பவருக்கு, இது நியாயமான செலவு. வார இறுதியில் மட்டும் தொடுபவருக்கு, திறக்காத மாதத்திலும் பணம் போய்க்கொண்டிருக்கும்.

சந்தா பிடிக்காதவர்கள் கியூபேசிஸ் பக்கம் பார்க்கலாம். கியூபேஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனத்துடையது. ஐபேடில் 2012 முதல் இருக்கிறது, 2020-இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. ஒருமுறை பணம் கட்டினால் போதும், கொஞ்சம் கனமான தொகைதான். குரலையும் வாத்தியங்களையும் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, மிக்ஸ் செய்வதுவரை கணினி மென்பொருளின் ஒழுங்கில் இருக்கும். வாங்கும் முன் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸின் பெட்டியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சில இன்டர்ஃபேஸ்களோடு கியூபேசிஸ் எல்இ என்ற குறைந்த வசதிப் பதிப்பு இலவசமாக வருகிறது, அந்தக் கருவியைச் செருகினால் திறந்துகொள்ளும்.

பீட் செய்பவர்களின் உலகம் வேறு. பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் தயாரிக்கும் எஃப்எல் ஸ்டூடியோ மொபைல், ஐபேட், ஆண்ட்ராய்டு இரண்டிலும் உண்டு, இதுவும் ஒருமுறைப் பணம்தான். டிரம் கட்டங்களில் தட்டி, பியானோ ரோலில் மெட்டு வரைந்து பழகியவர்களுக்கு வீடு மாதிரி. பஸ்ஸில் தொடங்கிய பீட்டை வீட்டுக் கணினியில் உள்ள எஃப்எல் ஸ்டூடியோவுக்குள் திறக்க முடியும். குரல் பதிவு இதிலும் செய்யலாம். ஆனால் பத்து டேக் பாடி, அதில் நல்ல வரிகளைப் பொறுக்கி ஒட்டும் வேலையை மட்டுமே செய்யப்போகிறவர் இதை வாங்க வேண்டியதில்லை. இன்னொன்று, இவற்றை ஆண்ட்ராய்டில் வாங்கிவிட்டுப் பிறகு ஐபேடுக்கு மாறினால் மறுபடியும் வாங்க வேண்டும். இரண்டு ஸ்டோரும் ஒன்றுக்கொன்று கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

பேண்ட்லேப் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அடிப்படை வசதிகள் இலவசம். ஐபேட், ஆண்ட்ராய்டு, கணினியின் பிரவுசர் என எதிலும் ஓடும். ஊரில் இருப்பவர் கிட்டார் வாசிக்க, பெங்களூரில் இருப்பவர் அதே ப்ராஜெக்ட்டைத் திறந்து பாடலாம். இந்தக் கூட்டு வேலையை இவ்வளவு சுலபமாக்கிய செயலி வேறில்லை என்றே சொல்லலாம். வேலை எல்லாம் அவர்களுடைய கிளவுடில் இருப்பதால் நல்ல நெட் வேண்டும். ஆகவே முடித்த பாட்டின் பிரதி ஒன்றை உங்கள் கையிலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு அதிகம் தெரியாத ஒரு பெயர் ஆடியோ எவல்யூஷன் மொபைல். பார்க்கக் கொஞ்சம் பழைய காலத்து ஆப் போலத்தான் இருக்கும். இதன் பலம் உள்ளே இருக்கிறது: யுஎஸ்பி இன்டர்ஃபேஸ்களுக்கென்று சொந்தமாக ஒரு டிரைவர் எழுதி வைத்திருக்கிறார்கள், அதைத் தனியாகப் பணம் கட்டித் திறக்கலாம். ஆண்ட்ராய்டின் வழக்கமான பாதையைச் சுற்றிப்போவதால் சில டேப்லெட்களில் தாமதம் நன்றாகக் குறையும், இன்டர்ஃபேஸின் எல்லா உள்ளீடுகளும் தனித்தனி ட்ராக்காகக் கிடைக்கும்.

கூடுதல் வாத்தியங்கள், எஃபெக்ட்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஐபேடில் 'ஆடியோ யூனிட்' வகைத் துணைச் செயலிகள் ஏராளம். ஒன்றை வாங்கினால் கராஜ்பேண்ட், கியூபேசிஸ், லாஜிக் எதிலும் செருகலாம். ஆண்ட்ராய்டில் அப்படி எல்லோரும் ஏற்றுக்கொண்ட பொது முறை இல்லை. செயலிக்குள் என்ன கொடுத்திருக்கிறார்களோ அதுதான். கணினிக்கு வாங்கிய விஎஸ்டி எதுவும் இரண்டிலும் ஓடாது.

பாட்டு வெளியே வருமா?

நிறைய பேர் கடைசியில் பார்ப்பதும், முதலில் பார்த்திருக்க வேண்டியதும் இது. வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு ஆடியோ ஃபைல் எல்லா ஆப்பும் கொடுக்கும். கேட்க வேண்டியது, ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக, எல்லாம் பாட்டின் ஆரம்பத்திலிருந்தே தொடங்கும்படி கொடுக்குமா என்பது. ஸ்டெம் என்று சொல்வது அதைத்தான். அது கையில் இருந்தால் உலகத்தில் எந்த மென்பொருளிலும் வேலையைத் தொடரலாம். ஆப் நின்றுபோனாலும் பாட்டு நிற்காது.

கியூபேசிஸும் எஃப்எல் ஸ்டூடியோ மொபைலும் ட்ராக்குகளைப் பிரித்துக் கொடுக்கும். ஐபேட் கராஜ்பேண்டில் ஒரே தட்டில் எல்லாவற்றையும் எடுக்கும் வழி இல்லை. ஒரு ட்ராக்கை மட்டும் சோலோ செய்து, வேவ் ஃபைலாகப் பகிர்ந்து, அடுத்ததற்குப் போக வேண்டும். பன்னிரண்டு ட்ராக் என்றால் பன்னிரண்டு முறை. இல்லையென்றால் லாஜிக் வைத்திருக்கும் நண்பரிடம் ப்ராஜெக்ட்டையே கொடுத்துவிடலாம். லாஜிக் சந்தா முடிந்துவிட்டால் ப்ராஜெக்ட் ஃபைல்கள் ஐபேடில் அப்படியே இருக்கும், ஆனால் மறுபடி சந்தா கட்டினால்தான் திறக்கும். ஆகவே நிறுத்துவதாக இருந்தால், நிறுத்துவதற்கு முந்தைய வாரமே ஸ்டெம்களை எடுத்து வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இடப் பிரச்சினையையும் கணக்குப் போட்டுவிடலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட், மோனோவில் ஒரு நிமிடப் பதிவு சுமார் 8.6 எம்பி. நாலு நிமிடப் பாட்டில் பத்து ட்ராக் என்றால் 345 எம்பி வரும். ஒவ்வொன்றுக்கும் மூன்று டேக் வைத்திருந்தால் ஒரு ஜிபியைத் தாண்டும். 64 ஜிபி டேப்லெட்டில் படமும் ரீல்ஸும் ஏற்கெனவே பாதியை அடைத்திருக்கும். அப்போதுதான் அந்த விபத்து நடக்கிறது: இடம் போதவில்லை என்று ஆப்பை டெலீட் செய்து மறுபடி போடுவார்கள். ஐபேடிலேயே சேமித்திருந்த ப்ராஜெக்ட்கள் ஆப்போடு சேர்ந்து போய்விடும். ஐபேடில் 'ஆஃப்லோடு' என்று ஒரு வழி இருக்கிறது. அதில் ஆப் மட்டும் போகும், ஃபைல் தங்கும். 'டெலீட்' அப்படி இல்லை. ப்ராஜெக்ட்களை ஐகிளவுடிலோ வெளி டிரைவிலோ ஒரு பிரதி எடுத்து வைக்காமல் அந்தப் பட்டன் பக்கமே போகக் கூடாது.

ஒரு மாலை நேரச் சோதனை

பணம் கட்டும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். இலவசப் பதிப்பு இருந்தால் அதில், இல்லையென்றால் அந்த ஆப் வைத்திருக்கும் நண்பரின் டேப்லெட்டில்; ஆண்ட்ராய்டு என்றால் உங்கள் டேப்லெட்டிலேயே பார்ப்பதுதான் சரி. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மெட்ரோனோமை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அந்த டக் டக் சத்தத்தையே மைக்கில் பதிவு செய்யுங்கள். பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். பதிவான தட்டு, கட்டக் கோட்டின் மேல் விழுந்திருந்தால் அந்த ஆப் தாமதத்தைத் தானே ஈடுகட்டுகிறது. தள்ளி விழுந்திருந்தால் எவ்வளவு என்று பாருங்கள், அமைப்புகளில் சரிசெய்ய வழி இருக்கிறதா என்றும் தேடுங்கள். வழியில்லை என்றால், ஒவ்வொரு டேக்கையும் கையால் நகர்த்தும் வேலை வாழ்நாள் முழுக்க உங்களுடையது.

அடுத்து, பாட்டின் அடியில் பழகிய நாலு வரியைப் பாடி, மேலே இன்னொரு குரல் ஏற்றி, இரண்டையும் தனித்தனி வேவ் ஃபைலாக வெளியே எடுங்கள். எங்கே அந்தப் பட்டன் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனால், அதுவும் ஒரு பதில்தான். பதிவின் அளவு சிவப்பைத் தொடாமல், உரத்த இடத்திலும் மைனஸ் 6 டெசிபலுக்குக் கீழேயே நிற்கட்டும். 24-பிட்டில் மெதுவான பதிவைப் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம், வெடித்த பதிவைச் சரிசெய்வது கஷ்டம். ஃபேனை நிறுத்த வேண்டும், டேப்லெட்டை ஃப்ளைட் மோடில் போட வேண்டும். பேண்ட்லேப் என்றால் நெட் வேணும், அப்போது நோட்டிஃபிகேஷனை மட்டும் அணையுங்கள். குக்கர் விசிலுக்கு எந்த ஆப்பிலும் ஃபில்டர் இல்லை.

லூப்பும் கரோக்கியும்

கடைசியாக, வெளியிடும்போது வரும் தலைவலி. கராஜ்பேண்டில் உள்ள ஆப்பிள் லூப்களை உங்கள் பாட்டில் வைத்து விற்கலாம், ராயல்டி தர வேண்டியதில்லை. லூப்பை மட்டும் தனியாகப் பிரித்து விற்கத்தான் கூடாது. ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' பாட்டின் டிரம்ஸே கராஜ்பேண்டில் எல்லோருக்கும் கிடைக்கும் ஒரு லூப்தான். ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் அதே லூப் ஊரில் எல்லோருக்கும் கிடைக்கிறது. வேறு யாராவது அதை அப்படியே வைத்துப் பாட்டு வெளியிட்டு, யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிந்து வைத்திருந்தால், உங்கள் பாட்டின் மேல் உரிமைக் கோரிக்கை வரக்கூடும். லூப்பைத் தனியாக ஓடவிடாமல், மேலே உங்கள் வாத்தியத்தையும் குரலையும் ஏற்றுங்கள். ப்ராஜெக்ட் ஃபைலை அழிக்காமல் வைத்திருந்தால், கோரிக்கையை எதிர்த்து முறையிடும்போது அதுதான் சாட்சி.

சினிமாப் பாட்டின் கரோக்கி ட்ராக்கை இறக்கி, மேலே பாடி ஏற்றுவது வேறு கதை. மெட்டுக்கும் வரிக்கும் ஒரு உரிமை, அந்த ஒலிப்பதிவுக்குத் தனியாக இன்னொரு உரிமை. கரோக்கியை யாரோ புதிதாக வாசித்துத் தயாரித்திருந்தால் அவருக்கும் அதில் உரிமை உண்டு. வீடியோ நீக்கப்படாமல் தப்பினாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம். பின்னணியை நீங்களே கிட்டாரில் வாசித்துப் பதிவு செய்தால் ஒலிப்பதிவு உங்களுடையதாகிவிடும், மெட்டின் உரிமை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும்.